வேட்டொலியும் செவிக்காப்பும்

வேட்டுச் சத்தம் எழப்போகிறது என்று தெரிந்தால் காதைப் பொத்திக்கொள்ள எந்தக் குழந்தைக்கும் கற்றுத்தர வேண்டுவதில்லை. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறவர் திரியில் நெருப்பை வைத்துவிட்டு விலகும்போதே, சுற்றி நிற்பவர்களின் கைகள் தாமாகவே செவிகளை நாடிச் செல்கின்றன. ஆனால் துப்பாக்கியை ஏந்தி நிற்பவனுக்கு இந்த வசதி இல்லை. அவனுடைய கைகள் துப்பாக்கியைப் பற்றியிருக்கின்றன. வேட்டோசைக்கு மிக அருகில் இருப்பதும் அவனுடைய காதே. துப்பாக்கி தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே அவனுடைய செவியைக் காப்பதற்குத் தக்க சாதனம் அமைந்தது. இந்தத் தாமதத்திற்குக் காரணம் என்ன? இன்று கடைகளில் விற்கும் மின்னணுச் செவிக்காப்புகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? இவ்விரு கேள்விகளும் வெவ்வேறானவை போலத் தோன்றினும், முதற்கேள்விக்கு வரலாறு தரும் விடையிலேயே இரண்டாவதன் விடையும் அடங்கியிருக்கிறது.

குறிசுடும் விளையாட்டு அரசர்களுக்கும் படைவீரர்களுக்கும் மட்டுமே உரியது என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 1951-ஆம் ஆண்டில் இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கம் தோன்றியபோது, மக்களவையின் முதற் சபாநாயகரான ஜி. வி. மாவ்லங்கர் அதன் தலைவராக அமர்ந்தார். 1962-இல் கெய்ரோ நகரில் நடந்த உலகப் போட்டியில் பிகானீர் அரசர் கர்ணி சிங் பறக்கும் தட்டுகளைச் சுட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்களுக்காகத் தில்லியின் துக்ளகாபாத்தில் அமைந்த சுடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2004-இல் ஏதன்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோரும், 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவும், 2024-இல் பாரிஸில் மனு பாக்கரும் பெற்ற பதக்கங்களுக்குப் பின்னர் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் சுடுதளத்தை நாடத் தொடங்கிவிட்டனர். தில்லியிலும் புனாவிலும் போபாலிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளிலும் அத்தகைய பிள்ளைகள் உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையில் சேர்ந்து .22 ரைஃபிளைத் தொட்டுப் பார்த்தவர்களோ எண்ணற்றவர்கள். ஆகவே, இந்தப் பொருள் நமக்குத் தொலைவானதன்று.

முதலில், துப்பாக்கியின் ஓசை செவிக்குள் என்ன செய்கிறது என்பதைக் காண்போம். உட்செவியில், நத்தைக் கூட்டைப் போலச் சுருண்ட சிற்றறை ஒன்று உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. காற்றின் அதிர்வை நரம்பின் மொழியில் பெயர்த்து மூளைக்கு அனுப்புவன இவையே. தோலில் காயம் பட்டால் ஆறிவிடும். எலும்பு முறிந்தால் கூடிவிடும். மனிதனுடைய மயிரணு ஒன்று மடிந்தால் அதன் இடத்தில் மற்றொன்று முளைப்பதில்லை. பிறக்கும்போது கொண்டுவந்த முதலை வைத்துக்கொண்டே ஆயுள் முழுவதும் நாம் கேட்டாக வேண்டும்.

இயற்கை இதற்கு ஒரு காவலும் வைத்திருக்கிறது. நடுச்செவியில் ஸ்டேபீடியஸ் என்னும் மிகச் சிறிய தசை ஒன்று உண்டு. பேரோசை வந்தால் அது சுருங்கி, உட்செவிக்குச் செல்லும் அதிர்வை ஓரளவு தணிக்கும். ஆனால் அது சுருங்குவதற்கு வினாடியில் நூறில் சில பங்கேனும் வேண்டும். துப்பாக்கியின் வேட்டோ, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான நேரத்தில் தன் உச்சத்தை எட்டிவிடுகிறது. காவலன் விழித்தெழுவதற்குள் கள்வன் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். இடியோசைக்கும் விலங்குகளின் முழக்கத்திற்கும் போதுமானதாக இருந்த காவல், வெடிமருந்தின் முன் பயனற்றுப் போயிற்று.

இந்த உண்மை மனிதனுக்கு விளங்குவதற்கு நெடுங்காலம் சென்றது. 1782-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளின் அருகே நடந்த கடற்போரில், பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ராட்னியின் கப்பலான ‘ஃபார்மிடபிள்’ 80 முறை பக்கவாட்டுப் பீரங்கி வரிசையை முழக்கியது என்றும், அதன் பின்னர் 14 நாட்கள் அவருக்குச் செவி அடைத்துப் போயிற்று என்றும் மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. படைத்தலைவர் ஒருவருடைய செவிட்டுத்தன்மை ஏட்டில் ஏறியது. அவருடைய கப்பலில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்ற மாலுமிகளின் கதி என்னவாயிற்று என்று எழுதி வைத்தவர் இலர்.

தொழிலாளரின் செவியை எண்ணிப் பார்த்த முதல் மருத்துவர்களுள் ஒருவர் இத்தாலியராகிய பெர்னார்டினோ ரமத்ஸீனி. தொழில்களால் விளையும் நோய்களைப் பற்றி 1700-இல் அவர் வெளியிட்ட நூலே அத்துறைக்கு அடிப்படையாக விளங்குகிறது. வெனிஸ் நகரத்துச் செம்புக் கன்னார்கள் நாள் முழுவதும் தகட்டை அடித்து அடித்து முதுமையில் செவிடராகின்றனர் என்று அவர் கண்டார். பின்னர் நீராவியின் காலம் வந்தது. கொதிகலன் செய்யும் பட்டறைகளில் ஒருவர் கலத்தின் உள்ளே அமர்ந்து தறையாணியைத் தாங்கிப் பிடிக்க, வெளியே நிற்பவர் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். 1886-இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார், இத்தகைய கொதிகலத் தொழிலாளர் 100 பேரின் செவிகளைச் சோதித்தார். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வார்ப்படத் தொழிலாளர் 100 பேரையும், தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர் 100 பேரையும் சோதித்தார். கொதிகலத் தொழிலாளருள் குறையற்ற செவியுடையவர் ஒருவரும் இலர். 1890-இல் ஹாபர்மன் என்னும் மருத்துவர், இரைச்சல் மிக்க தொழிலில் செவியை இழந்து இறந்துபோன ஒருவருடைய உட்செவியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அங்கே மயிரணுக்கள் அழிந்து கிடந்ததைக் கண்டார்.

இவ்வளவு தெரிந்த பின்னரும் பட்டறையிலும் படையிலும் பெரிய மாறுதல் ஏற்படவில்லை. காது மந்தமாவது அந்தத் தொழிலின் அடையாளம் என்றே கருதினர்; சிலர் அதனைப் பெருமையாகவும் கொண்டனர். காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளும் சிப்பாயைக் கோழை என்று தோழர்கள் எள்ளினர். ஆயினும், ஏளனம் மட்டுமே காரணமன்று. அதனினும் வலுவான காரணம் ஒன்றுண்டு. காதை அடைத்துக்கொண்டவனுக்கு வேட்டோசையோடு கட்டளையும் கேட்பதில்லை. போர்க்களத்தில் மேலதிகாரியின் குரலும், எதிரியின் காலடி ஓசையும், பக்கத்தில் நிற்பவனின் எச்சரிக்கையும் உயிரைக் காப்பன. இவற்றை இழந்து செவியைக் காத்துக்கொள்வதைவிட, செவியை இழந்து உயிரைக் காத்துக்கொள்வதே மேல் என்று வீரன் எண்ணியதில் வியப்பில்லை. செவிக்காப்பின் வரலாறு முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டைத் தீர்க்க மனிதன் செய்த முயற்சியே ஆகும்.

காதை அடைக்கும் கலை மிகப் பழமையானது. கிரேக்கப் பெருங்காவியமாகிய ‘ஒடிஸி’யில், மயக்கும் பாடலைக் கேளாதிருக்க மாலுமிகளின் செவிகளில் மெழுகை அப்புகின்றான் கதைத்தலைவன். இந்தக் கதையை நினைவிற் கொண்டே 1907-இல் பெர்லின் நகரத்து மருந்து வியாபாரி மாக்ஸிமிலியன் நெக்வர், மெழுகையும் பஞ்சையும் சேர்த்து ‘ஓரோபாக்ஸ்’ என்னும் செவியடைப்பானைச் செய்து விற்றார். முதல் உலகப் போரில் அவருக்கு வாணிகம் பெருகியது. அதே போரில் பிரிட்டிஷ் படையினர் ‘மாலக்–ஆம்ஸ்டிராங்’ என்னும் அடைப்பானைப் பயன்படுத்தினர். வெடியோசையை மட்டும் தடுத்துப் பேச்சொலியை உள்ளே விடவேண்டும் என்னும் நோக்கம் அதிலேயே தோன்றிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் மெல்லிய ரப்பரால் ஆன ‘வி–51ஆர்’ என்னும் அடைப்பான் உருவாயிற்று. போர் முடிந்து ஜெட் விமானங்கள் வந்தபோது, காதின் உள்ளே அடைப்பது போதாமல், காதைச் சுற்றிலும் கிண்ணம் போலக் கவியும் மூடிகள் வழக்கத்துக்கு வந்தன. 1970-களின் தொடக்கத்தில், விரலால் உருட்டிச் செவிக்குள் வைத்ததும் மெல்ல விரிந்து துளையை நிரப்பும் மஞ்சள் நிற நுரையடைப்பான் கடைக்கு வந்தது. விலை மிகக் குறைந்த அந்தச் சிறு பொருள், சரியாக அணிந்தால், விலையுயர்ந்த பல கருவிகளுக்கு ஈடாக இன்றும் நின்று காக்கிறது.

காப்புச் சாதனங்கள் வளர்ந்ததுபோலவே அளவைகளும் வளர்ந்தன. 1920-களில் தொலைபேசி ஆராய்ச்சியாளர்கள் ஒலியின் வலிமையை அளக்க ஓர் அலகை வகுத்து, தொலைபேசி கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரால் அதை ‘டெசிபெல்’ என்று அழைத்தனர். இந்த அலகு நம்முடைய சாதாரணக் கூட்டல் கணக்கைப் போன்றதன்று. 20 டெசிபெல் ஏறினால் ஒலியின் அழுத்தம் 10 மடங்காகிறது. எனவே 160 டெசிபெல் என்பது 140-ஐவிடச் சற்றே மிகுதி என்று எண்ணுவது பெரும்பிழை. திடீரென்று வெடிக்கும் ஓசைக்கு, வளர்ந்தவர்களுடைய செவி தாங்கக்கூடிய உச்ச எல்லை 140 டெசிபெல் என்று பல நாடுகள் கொண்டுள்ளன. குழந்தைகளுக்கு அவ்வெல்லை 120 டெசிபெல் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியது. மிகச் சாதாரணமான .22 ரைஃபிளே ஏறத்தாழ 140 டெசிபெல்லை எட்டக்கூடும். பெருந்துப்பாக்கிகளும் கைத்துப்பாக்கிகளும் 155 முதல் 170 வரை முழங்குவன. நமக்குப் பழக்கமான ஒன்றோடு ஒப்பிட வேண்டுமானால், 1999-இல் நம் நாட்டில் வந்த விதியின்படி, பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் உச்ச ஓசை 145 டெசிபெல்லைத் தாண்டலாகாது. அதனினும் பலமடங்கு வலிய ஓசையைச் சில அங்குலத் தொலைவில், ஒரு நாளில் ஐம்பது அறுபது முறை கேட்பவர் குறிசுடுபவர்.

பிந்த்ரா பொன் வென்ற காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து எரிவதில்லை. அதன் ஓசை மிகவும் குறைவு. ஆயினும் ஒரே கூரையின் கீழ் பலவகைத் துப்பாக்கிகள் முழங்கும் தளத்தில், காற்றுத் துப்பாக்கி பழகும் சிறுவனுடைய காதும் பக்கத்துத் தோட்டாவின் ஓசைக்கு இரையாகலாம். சுவரும் கூரையும் ஓசையைத் திருப்பி அனுப்புவதால் மூடிய தளத்தில் ஆபத்து மிகுதி. வலத்தோளில் ரைஃபிளை வைத்துச் சுடுபவருக்கு இடக்காதே முதலில் பழுதாகிறது. குழல்வாயை நோக்கியிருப்பது இடக்காது. வலக்காதுக்கோ தலையே ஓரளவு திரையாகிவிடுகிறது.

இந்தப் பழுது எவ்வாறு தொடங்குகிறது என்பதை நம்மவர் சிறப்பாக அறிந்துகொள்ள வேண்டும். வேட்டோசையால் கெடும் செவி முழுவதும் ஒரே நாளில் அடைத்துப் போவதில்லை. வினாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரெழுத்தின் ஓசைகள் தாழ்ந்த அதிர்வுடையவை, அவை கேட்டுக்கொண்டேயிருக்கும். க, ச, ட, த, ப ஆகிய வல்லினத்தின் கூர்மை உயர்ந்த அதிர்வுகளில் தங்கியிருக்கிறது. ஆகவே, ‘கட்டு’, ‘தட்டு’, ‘பட்டு’ என்னும் சொற்களுள் எது சொல்லப்பட்டது என்று தெரியாமற் போகும். பேசுகிறார்கள் என்பது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. தாய்மொழியாயின் முன்பின் தொடர்பைக் கொண்டு ஊகித்துவிடலாம். அயல்மொழி வழங்கும் ஊரில், அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் பிறர் மொழியைச் செவியால் பிடித்தே பிழைக்க வேண்டிய நமக்கு அந்த ஊகம் எளிதன்று. இந்தியில் ‘க’ வரிசையின் முதலெழுத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு ஒரு மூச்சளவே. அந்த மூச்சு கேளாதவருக்கு மொழியின் பாதி மறைந்துவிடும்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இங்கே ஒரு சொல்லாராய்ச்சியும் தோன்றுகிறது. இச்சாதனங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், கேட்கும் ஆற்றலைக் காத்தல் என்னும் பொருளுடையது. காதைக் காத்தல் என்பதன்று. ‘செவிக்காப்பு’ என்று நாம் எழுதினாலும், காக்கப்படுவது உறுப்பு மட்டுமன்று, கேள்வியே என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். திருக்குறளில் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே அமைந்துள்ள மொழியினருக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இனி, முன்னர்க் கூறிய முரண்பாடு தீர்ந்த விதத்தைப் பார்ப்போம். அதற்கு வழிவகுத்தது 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த டிரான்ஸிஸ்டர். அது முதலில் மக்களின் கைக்கு வந்த வடிவங்களுள் ஒன்று, காது கேளாதவர்க்கு ஒலியைப் பெருக்கித் தரும் கருவி. 1952-இன் இறுதியில் அத்தகைய கருவி விற்பனைக்கு வந்தது. காது கேளாதவர்க்குக் கல்வி கற்பித்த பெல்லின் நினைவைப் போற்றி, அக்கருவி செய்வோரிடம் உரிமத்தொகை வாங்காமல் விட்டனர். செவி இழந்தவருக்காகச் செய்த அந்தச் சிறு பெருக்கியைச் செவி இழக்காதவருடைய காதுமூடிக்குள் வைத்தால் என்ன என்னும் எண்ணமே மின்னணுச் செவிக்காப்பின் வித்து.

அதன் அமைப்பு எளியது. காதுமூடியின் வெளிப்புறத்தில் ஒலிவாங்கி ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு பெருக்கியும் காதருகே ஒரு சிறு ஒலிபெருக்கியும் உள்ளன. மெல்லிய ஓசைகளை ஒலிவாங்கி ஏற்று உள்ளே தருகிறது. பயிற்சியாளரின் பேச்சும், ‘நிறுத்து’ என்னும் தள அதிகாரியின் கட்டளையும் தெளிவாகக் கேட்கின்றன. பேரோசை வந்தவுடன், உள்ளே தரும் ஒலியை ஒரு மட்டத்திற்கு மேல் ஏறாதபடி மின்சுற்று கட்டுப்படுத்திவிடுகிறது. அந்த மட்டம் பெரும்பாலும் 82 முதல் 85 டெசிபெல்லாக அமைந்திருக்கும். தொடக்கக் காலக் கருவிகள் பேரோசை வந்ததும் ஒலியை அறவே அறுத்துவிட்டன. அதனால் வேட்டைத் தொடர்ந்து வரும் கட்டளையின் முதற்சொல் காணாமற் போகும். பின்னர் வந்தவை ஓசையை அறுக்காமல் அமுக்கித் தருகின்றன. வேட்டோசைக்கு நடுவிலும் பேச்சு தொடர்ந்து கேட்கிறது.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். வேட்டோசையைத் தடுப்பது மின்சுற்று என்று நினைக்கின்றனர். அவ்வாறன்று. தடுப்பது, காதைச் சுற்றிக் காற்றுப் புகாமல் கவிந்திருக்கும் கிண்ணமும் அதன் விளிம்பில் உள்ள மெத்தையுமே. மின்சுற்று செய்வது, மூடிய கதவில் ஒரு சாளரம் வைத்து, வேண்டிய ஓசையை மட்டும் உள்ளே விடுவது. மின்கலம் தீர்ந்துவிட்டால் சாளரம் மூடிக்கொள்கிறது. கதவு இருந்தபடியே காக்கிறது. கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலோ, சாளரம் எவ்வளவு நுட்பமானதாயினும் பயனில்லை.

வேறொரு மயக்கமும் உண்டு. விமானப் பயணிகள் அணியும் இரைச்சல் நீக்கும் கருவியையும் இதையும் ஒன்றென்று சிலர் கருதுகின்றனர். ஓசைக்கு எதிரான ஓசையை எழுப்பி இரண்டையும் அழிக்கும் அந்த முறைக்கு, பால் லூக் என்னும் ஜெர்மானியர் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ் 1978-இல் ஒரு விமானப் பயணத்தின்போது அதைப் பற்றிச் சிந்தித்துப் பின்னர் விமானிகளுக்கான கருவியாக்கினார். இடைவிடாது தொடரும் விமான எஞ்சினின் முழக்கத்திற்கு அது ஏற்றது. மின்னலைப் போல வந்து மறையும் வேட்டோசைக்கு அதை நம்பலாகாது.

வாங்குபவருக்கு உதவியாக, 1979-இல் அமெரிக்க அரசு ஒவ்வொரு செவிக்காப்பின் உறையிலும் அதன் தடுப்பாற்றலை எண்ணால் அச்சிட வேண்டும் என்று விதித்தது. ஐரோப்பிய நாடுகளிலும் அவ்வாறே வேறோர் எண் வழங்குகிறது. இவ்வெண் பெரியதாயின் தடுப்பு மிகுதி. ஆனால் இது ஆராய்ச்சிக்கூடத்தில், வல்லுநர் மேற்பார்வையில், செம்மையாக அணிந்து கண்ட எண். அன்றாட வாழ்வில் அவசரமாக அணியும்போது கிடைப்பது அதனினும் மிகக் குறைவு. அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு அலுவலகமே, அச்சிட்ட எண்ணில் 7-ஐக் கழித்து எஞ்சியதைப் பாதியாக்கிக் கொள்ளுமாறு கூறுகிறது. உறையில் 25 என்றிருந்தால், கையில் 9 என்று கொள்வது அதன் கணக்கு.

பொருந்தாத காப்பின் விலை என்ன என்பதை அண்மைக்கால வழக்கு ஒன்று உலகுக்குக் காட்டியது. 2003 முதல் 2015 வரை அமெரிக்கப் படையினருக்கு இருமுனைச் செவியடைப்பான் ஒன்று விற்கப்பட்டது. ஒரு முனையை அணிந்தால் எல்லா ஓசையும் தடைபடும். மறுமுனையை அணிந்தால் பேச்சு கேட்கும், வெடியோசை மட்டும் தணியும். முதல் உலகப் போரில் தோன்றிய அதே நோக்கந்தான். அதன் தண்டு குட்டையாக இருந்ததால், அணிந்தவருக்கே தெரியாமல் அது காதில் தளர்ந்துபோயிற்று என்று முன்னாள் வீரர்கள் லட்சக்கணக்கில் வழக்குத் தொடுத்தனர். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 3எம் நிறுவனம் சுமார் 600 கோடி டாலர் தந்து தீர்த்துக்கொள்ள உடன்பட்டது. அத்தனை கோடியும் சேர்ந்து ஒரு மயிரணுவையேனும் மீண்டும் முளைக்கச் செய்ய இயலாது.

இந்த வரலாற்றிலிருந்து தேர்வுக்குரிய வழிகள் தெளிவாகின்றன. கடையில் கருவியைக் கையிலெடுத்ததும் விசைகளைத் திருப்பிப் பார்ப்பதைவிட, மின்சாரமின்றி அணிந்து பார்ப்பதே முதற்கடமை. கிண்ணம் காதை முழுவதும் உட்கொள்ள வேண்டும். மெத்தை தலையோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும். மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பும், காதோரத்து மயிரும் அந்த இடைவெளியை உண்டாக்குவன. சுடுதளத்தில் கண்ணாடி அணிவது அவசியமாதலால், மெல்லிய காம்புள்ள கண்ணாடியை அணிந்தவாறே சோதிக்க வேண்டும். அடுத்து, ரைஃபிளின் அடிக்கட்டையில் கன்னத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கிண்ணம் பருத்திருந்தால் கட்டை அதில் இடித்து, சுடும் அந்தக் கணத்திலேயே மூடி நழுவிவிடும். கைத்துப்பாக்கிக்காரருக்கு இந்த இடர் இல்லை. அவர் பெரிய கிண்ணத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

இவை பொருந்திய பின்னரே மின்சுற்றைப் பார்க்கலாம். இரு பக்கத்திற்கும் தனித்தனி ஒலிவாங்கி இருத்தல் வேண்டும். இல்லையேல் குரல் எத்திசையிலிருந்து வருகிறது என்பது புலப்படாது. பேரோசையில் ஒலியை அறுத்துவிடும் வகையைவிட அமுக்கித் தரும் வகை சிறந்தது. மின்கலம் எங்கும் கிடைக்கும் வகையாக இருத்தல் நலம். நம் நாட்டு வெயிலில் வியர்வை பட்டு மெத்தை இறுகி வெடிக்கும். ஆகவே மெத்தையைத் தனியாக வாங்கி மாற்றக்கூடிய கருவியையே நாடவேண்டும்.

பெருந்துப்பாக்கிக்கும் மூடிய தளத்திற்கும் ஒரு காப்புப் போதாது. உள்ளே நுரையடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் அணிவது வழக்கம. இரண்டின் எண்களையும் கூட்டிவிடக் கூடாது. இரண்டனுள் பெரியதன்மேல் 5 டெசிபெல் அளவே மிகும். எவ்வளவு அடைத்தாலும் மண்டையோட்டின் எலும்பு வழியே ஓசை உட்செல்வதால் காப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஆயினும் 160 டெசிபெல்லுக்கு முன்னால் அந்த ஐந்தும் அரியதே. மின்னணுக் காதுமூடியின் சிறப்பு இங்கே நன்கு விளங்குகிறது. அடைப்பான் உள்ளே இருந்தாலும், மூடியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவைத்தால் பேச்சு கேட்கும். இரட்டைக் காப்பும் கட்டளையும் ஒருங்கே கிட்டுகின்றன.

போட்டியில் இறங்க நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். ஒலிம்பிக் குறிசுடும் போட்டிகளை நடத்தும் சர்வதேச அமைப்பின் விதிகள், அனைவரும் செவிக்காப்பு அணியுமாறு வற்புறுத்துகின்றன. ஆனால் ஒலியை ஏற்றுத் தரும் கருவி பொருந்திய காப்பைப் போட்டியாளர் களத்தில் அணிய அவை இடந்தருவதில்லை. வெளியிலிருந்து யாரும் அவருக்கு யோசனை கூறலாகாது என்பது கருத்து. எனவே, பயிற்சியின்போது ஆசிரியரின் சொல்லைக் கேட்க மின்னணுக் காப்பும், போட்டியின்போது அணியச் சாதாரணக் காப்பும் வைத்திருப்பது முறை. ஒன்றே வாங்க இயலுமாயின், நன்கு பொருந்தும் சாதாரண மூடியும் நுரையடைப்பானும் போதும். விலை மலிவாயினும் காப்பில் அவை தாழ்ந்தவையல்ல.

அங்ஙனமாயின் மின்னணுக் கருவிக்கு மிகுந்த விலை கொடுப்பது எதற்கு என்று கேட்கலாம். விடை மனித இயல்பில் இருக்கிறது. ஒன்றும் கேளாதவன், பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக் கேட்க மூடியின் ஒரு பக்கத்தை உயர்த்துகிறான். அந்தக் கணத்தில் அடுத்த வரிசையில் ஒரு துப்பாக்கி முழங்குகிறது. நூறு வேட்டுக்குக் காத்த காப்பு, நூற்றோராவது வேட்டில் கைவிட்டதாக ஆகிறது. கேட்க விடும் காப்பைக் கழற்ற வேண்டிய அவசியமில்லை. கழற்றாத காப்பே காக்கும் காப்பு. மாலுமியும் சிப்பாயும் பல தலைமுறையாகச் செவிக்காப்பை மறுத்ததற்குக் காரணமாயிருந்த முரண்பாடு இவ்வாறு தீர்ந்தது.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தோடு இணைந்த தொழில்நோய்ப் பட்டியலில், இரைச்சலால் உண்டாகும் செவிட்டுத்தன்மையும் இடம்பெற்றிருந்தது. தொழிலாளியின் செவியைச் சட்டம் எண்ணிப் பார்த்தது. விளையாட்டாகத் துப்பாக்கி எடுக்கும் பிள்ளையின் செவியை எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் பெற்றோரும் பயிற்சியாளருமே. துப்பாக்கி வாங்கித் தருவதற்கு முன் செவிக்காப்பை வாங்கித் தருவதும், சுடுவோர் வரிசையை நெருங்குமுன் அதை அணிந்து, அங்கிருந்து நீங்கிய பின்னரே கழற்றப் பழக்குவதும் அவர்கள் கடன். சுட்ட பின் காதில் ரீங்காரம் கேட்டால், அது சில மணி நேரத்தில் அடங்கிவிட்டாலும், காப்புப் போதவில்லை என்பதற்கு அதுவே சான்று. அன்றே மெத்தையையும் பொருத்தத்தையும் சோதித்து, ரீங்காரம் நீடித்தால் செவி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். குறி தவறினால் மறுமுறை சுடலாம். செவிக்கு அத்தகைய மறுமுறை இல்லை என்பதை நம் பிள்ளைகள் முதற்பாடமாகக் கற்பார்களாக.